முதல் விலைக்கே படிந்த பேரம்

பழைய கார் தரகருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கடைத்தெருவில் ‘அஞ்சு நிமிஷம்’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று யார் போன் செய்தாலும், போர்வைக்குள் இருந்தபடியே, "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷம்" என்பார். இருபத்தைந்து வருடமாக அந்த ஐந்து நிமிடம் முடிந்தபாடில்லை.

பௌத்தம் அவருக்குக் கிடைத்தது ஒரு காருக்குள். விற்க வந்த வண்டியைத் துடைக்கும்போது, இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில் அட்டை கிழிந்த சின்னப் புத்தகம் ஒன்று கிடந்தது. எடைக்குப் போடலாமா என்று புரட்டியவர், அன்றைய முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் பாதியைப் படித்துவிட்டார். ஆசைதான் துன்பத்துக்கு வேர் என்றிருந்தது. தரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் வாங்க வருகிறவர்கள் அது கிடைக்கும்வரை தூக்கமில்லாமல் அலைவார்கள். சாவி கைக்கு வந்த மறுவாரமே பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறார்! அவர் சோறு தின்பதே அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான். தன் தொழில் ரகசியத்தை இரண்டாயிரத்தைந்நூறு வருடம் முன்பே ஒருவர் ஊரறியப் போட்டு உடைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று முதலில் கோபம்கூட வந்தது. இத்தனை விவரமானவர் வேறென்ன சொல்லியிருக்கிறார் என்று பிறகு ஆவல் பிடித்துக்கொண்டது.

கற்றுக்கொள்ள ஆள் தேடினார். ஊரில் புத்தர்களுக்குப் பஞ்சமில்லை. அழகு நிலைய வாசலில் ஒருவர், பல் மருத்துவர் மேசையில் ஒருவர், பர்னிச்சர் கடையில் வரிசையாக முப்பது பேர். பௌத்தர்தான் ஒருவர்கூட இல்லை.

"இதைக் கும்பிடறவங்க யாராவது வந்து வாங்கறாங்களா?" என்று பர்னிச்சர் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தார்.

"கும்பிடவா? சோபாவுக்கு எடுப்பா இருக்கும்னு தூக்கிட்டுப் போறாங்க. உங்களுக்குச் சிரிக்கிறது வேணுமா, கண்ணை மூடினது வேணுமா?"

கடைசியில் கைபேசியே விகாரை ஆயிற்று. எங்கோ தொலைவிலிருந்து பௌத்தத் துறவியான ஒரு பிக்குணி ஞாயிறு காலைகளில் தமிழில் பாடம் நடத்தினார். தரகர் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு சம்மணமிடுவார். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாருக்கும் டீயில் சர்க்கரை கிடையாது.

மூன்று மாதம் போனதும், முறைப்படி சேர வேண்டும் என்று கேட்டார். அதற்கு ஐந்து சீலங்களை ஏற்க வேண்டுமாம். கொல்லக் கூடாது, திருடக் கூடாது, தகாத உறவு கூடாது, பொய் கூடாது, போதை கூடாது. தரகர் தொண்டையைச் செருமினார். பேரத்தை அடிமட்டத்தில் ஆரம்பிப்பதுதானே முறை?

"அம்மா, அஞ்சும் ஒரேயடியா முடியாது. தொழில் அப்படி. ஒரு ரெண்டு எடுத்துக்கறேன்."

பிக்குணி நான்கில் நிற்பார், இழுத்துப் பறித்து மூன்றில் முடிக்கலாம் என்பது திட்டம்.

"சரிங்கய்யா, ரெண்டு எடுத்துக்கோங்க," என்றார் பிக்குணி.

தரகருக்குச் சந்தேகம் தட்டியது. முதல் விலைக்கே படிகிற சரக்கில் ஏதோ கோளாறு என்பது அந்தத் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ?

"அப்ப மீதி மூணு?"

"அது எங்கயும் போகாது. முடியறப்ப எடுத்துக்கலாம்."

"மூணா எடுத்துக்கிட்டா?"

"நல்லதுதான்."

"நாலு?"

"உங்க இஷ்டம்யா."

திரையில் பிக்குணியின் முகத்தில் ஒரு சலனம் இல்லை. இப்படியொரு அழுத்தக்காரரிடம் அவர் மாட்டியதே இல்லை. தன்னைத் தானே ஏற்றிக்கொண்டே போய், வியர்த்து விறுவிறுத்து, ஐந்தில் வந்து நின்றார்.

"உங்க ஊர்ல கூடிப் பழக யாரும் இல்லைங்கறதால ஒண்ணு மட்டும் கேக்கறேன்," என்றார் பிக்குணி. "நாலு வாரம் அஞ்சையும் கடைப்பிடிச்சு இருந்து பாருங்க. கூட வாழற ஒருத்தர் வந்து, ‘ஆமா, இருந்தார்’னு சொல்லட்டும். சேர்த்துக்கறேன்."

கூட வாழ்கிறவர் என்றால் மனைவி. மருந்துக்கடையில் வேலை. டாக்டர் சீட்டு இல்லாமல் சொந்தத் தம்பிக்கே மாத்திரை தராதவர்.

"சொல்லிடுவ இல்ல?" என்று தரகர் நைச்சியமாகக் கேட்டார்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் ஒரு தம்பதி வெள்ளைக் காரைச் சுற்றி வந்தார்கள். வழக்கமாக அவர் வாயில் அது ‘டாக்டர் ஓட்டின வண்டி, லீவு நாள்ல மட்டும்’. தரகர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"முன்பக்கம் இடி வாங்கியிருக்கு. மூணாவது கியர் ஊளையிடும்."

அவரிடம் வேலை பார்க்கும் மெக்கானிக் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. வந்தவர் மனைவியின் காதைக் கடித்தார்: "வேற யாருக்கோ பேசி வச்சிருக்கார்டி. நம்மள விரட்டப் பாக்கறார்." அரை மணியில் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான்காவது வாரம் வாசலில் கூட்டம். "உண்மையச் சொல்ற தரகராமே" என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். "அண்ணே, இத்தனை வருஷம் அநியாயமா பொய் சொல்லிக் கெட்டிருக்கோம்ணே," என்று மெக்கானிக் மாய்ந்துபோனான். "சிரிக்கிற புத்தர் ஒண்ணு வாங்கி வாசல்ல வச்சிடலாமா?" தரகர் அவனை அதட்டினார். ஆனாலும் உள்ளூர இனித்தது. வரும் ஞாயிறு சேர்ந்துவிடலாம்; மனைவி ஒரு ‘ஆமா’ சொன்னால் போதும்.

ஞாயிறு வந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு சர்க்கரை டப்பாவின் முன் உட்கார்ந்தார்.

"கொல்லலம்மா. கரப்பான்பூச்சியக்கூட டம்ளர்ல கவிழ்த்துப் பிடிச்சு, பக்கத்து வீட்டுச் சுவர்ல கொண்டுபோய் விட்டார். திருடல, குடிக்கல. இன்னொண்ணுக்கு அவருக்கு நேரமும் இல்ல, ஆளும் இல்ல."

"பொய்?"

"கடையில சொல்லலைன்னு மெக்கானிக் சத்தியம் பண்றான். அங்க உண்மை நல்லா விலை போகுது, சொல்றார். வீட்ல இந்த வாரம் மட்டும் பதினோரு தடவை ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’. வியாழக்கிழமை எங்கப்பாவுக்கு ஸ்கேன், இவர்தான் கூட இருந்திருக்கணும். அப்பா வெறும் வயித்தோட ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தார். நான் ஆமான்னு சொல்ல மாட்டேம்மா."

தரகர் திகைத்தார். "அது பொய்யில சேருமா? எல்லாரும் சொல்றதுதானே?"

"சேருமான்னு அவங்களையே கேளுங்க."

தரகர் தொழிலில் இறங்கினார்.

"சரி, நாலுக்கு மட்டும் ஆமான்னு சொல்லு."

"அஞ்சுன்னு ஏத்தினது நீங்கதானே?"

"இன்னும் ஒரு வாரம் பாரு."

"நாலு வாரம்."

"ரெண்டு."

"நாலு. முதல்லேருந்து."

"உங்க வீட்டம்மா சொல்றதுதான்," என்றார் பிக்குணி. அந்தக் கல் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. திரை அணைந்தது.

தரகருக்கு நியாயமாக அவமானமாக இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மாமனார் உட்கார்ந்திருந்த சிமெண்டுப் படி நினைவுக்கு வந்தபோது அதுவும் வந்தது. ஆனால் அதற்கடியில் ஒரு நிம்மதி. சரக்கில் கோளாறோ என்று நான்கு வாரமாக அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. எவ்வளவு இழுத்தும் ஒரு சல்லி இறங்காத சரக்கு. அப்படியானால் அசல்தான்.

போன் அடித்தது. மெக்கானிக்.

"அண்ணே, பார்ட்டி வந்து நிக்குது. எங்க இருக்கீங்க?"

தரகரின் வாய் ‘அஞ்சு’ என்று குவிந்தது. விழுங்கினார்.

"வீட்லதான். இன்னும் குளிக்கல. ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"உடம்புக்கு ஏதாவதாண்ணே?"

மனைவி டப்பாவைத் திறந்து டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சு," என்றார், திரும்பாமலே. "அவன்கிட்ட சொல்றது சுலபம். சாயங்காலம் நான் போன் பண்றப்ப என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்."