கடைசிப் பக்கத்தைப் படிக்காதவர்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் மூக்குக்கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன், அதனால் கிடைத்தது. அக்கா பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வளைந்த ஃபிரேமை நிமிர்த்துவது, கழன்ற திருகாணியை மாட்டுவது, புதுக் கண்ணாடி போட்டவரை வாசலில் நிற்க வைத்து எதிர்க்கடைப் பலகையைப் படிக்கச் சொல்வது, எல்லாம் அவள்தான். அதே பதினெட்டு வருடமாக ஆளுங்கட்சியில் எங்கள் தெருவுக்குப் பொறுப்பாளரும் அவள்தான். (அவள் சேர்ந்தபோது அது ஆளுங்கட்சி இல்லை. ஜென்மத்துக்கும் ஆளாது என்று எல்லோரும் சொன்ன கட்சி. அக்காவுக்கு அப்படிப்பட்டவற்றின் மேல்தான் பிரியம். என் எழுத்தின் மேல் வந்ததும் அந்த வகைப் பிரியமாகத்தான் இருக்க வேண்டும்.)

தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. என் கண்ணாடிக் கம்பியை நிமிர்த்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"எனக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்கடி."

நான் எழுதுகிறவள். இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால், வருத்தப்படுவதற்கு முன்னால் குறித்துக்கொள்ளும் புத்தி எனக்கு. அதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் கேட்டாயிற்று. "எழுதிக்கோ, ஆனா நான் படிச்சுப் பாத்த பிறகுதான் வெளியில விடணும்" என்றாள். ஆக, இதில் வரும் திருத்தங்களில் பாதி அவளுடையவை.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

தெருவெங்கும் கொடிகள் படபடக்க, மக்கள் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த கோபம்

அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் யார் நெஞ்சிலும் எதுவும் கனலவில்லை. கோபமாக இருந்தவர்கள் காலையில் பல் துலக்கினார்கள், வேலைக்குப் போனார்கள், சாயங்காலம் துணி மடித்தார்கள். அக்கா துண்டுப் பிரசுரத்தோடு வந்தால் மட்டும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். தேர்தல் நேரத்துக் கோபம் பெரும்பாலும் சத்தமே போடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது வரைவு:

அவள் நல்லவள். ஆனால்

இதுவும் வேண்டாம். அந்த 'ஆனால்' வந்த பிறகு எந்த நல்லவரும் தேறியதில்லை.

பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

3

எங்கள் தெருமுனையில் ஒரு பிரசவ மருத்துவமனை இருந்தது. பத்தே படுக்கை. அக்காவும் நானும் பிறந்தது அங்கேதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் அதை மூடி, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மருத்துவமனையோடு 'இணைத்தது'. பஸ்ஸில் நாற்பத்தொரு நிமிடம்.

தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, ஒரு காலை. பேக்கரியில் வேலை பார்க்கும் பெண், நிறைமாதம். வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் "வந்துகொண்டே" இருந்தது. வந்துகொண்டே இருந்ததில் பொறுமை போய், மாமியார் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். லென்ஸ் வாங்கிவரப் புறப்பட்ட அக்காவும் அதே பஸ்ஸில் இருந்தாள்.

ஓட்டுநர் எங்கள் தெருக்காரர். தெருவில் அவர் பெயர் 'நிதானம்'. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டிக்கு வலிக்கும் என்று நினைப்பவர் மாதிரி ஓட்டுவார். மூன்றாவது நிறுத்தத்தில், பின்சீட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டுவிட்டு, எழுந்து பயணிகள் பக்கம் திரும்பினார்.

"இந்த வண்டி இனிமே எங்கயும் நிக்காது. இறங்கறவங்க இப்பவே இறங்கிக்கோங்க. நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ஒருவரும் இறங்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள், நேர்காணலுக்குப் போகிற ஒருவர், பல்வலிக்காரர் ஒருவர், எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

(இந்த இடத்தில் அக்கா பேனாவால் எழுதியிருந்தாள்: 'உட்காரல. முன்னாடி போய் நின்னுக்கிட்டாங்க. பின்னாடி இருந்த எங்களுக்கு இடம் விட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க.' இதைவிட நல்ல வாக்கியம் என்னிடம் இல்லை.)

நிதானம் அன்று நிதானமாக ஓட்டவில்லை. வழக்கமான பாதையை விட்டுச் சுற்றுச்சாலையைப் பிடித்தார். மருத்துவமனை வாசல் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே, அக்காவின் மடியில் தலை சாய்த்தபடி, பேக்கரிப் பெண் ஒரு மகளைப் பெற்றாள்.

பத்து நாள் கழித்து நிதானத்துக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதித்த பாதையிலிருந்து விலகியது ஏன், பதினொரு நிறுத்தங்களில் நிறுத்தாதது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.

தெரு திரும்பியது அன்றைக்குத்தான். மருத்துவமனையை மூடியபோது முணுமுணுத்துவிட்டு விட்டவர்கள், இந்த நோட்டீஸை விடவில்லை. ஆளுங்கட்சிக் கொடி ஒவ்வொரு வீடாக இறங்கியது. யாரும் பிடுங்கவில்லை, மடித்து, அக்கா வேலை பார்க்கும் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

4

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி.

மருத்துவமனை மூடப்படுவதற்கு ஆறு மாதம் முன்பு, கட்சி அக்காவிடம் ஒரு மனுவைக் கொடுத்தது. மூன்று பக்கம். 'நிரந்தரமாக ஒரு பெண் மருத்துவர் வேண்டும், கூடுதல் படுக்கைகள் வேண்டும்' என்று முதல் பக்கம். அக்கா அதைக் கடை மேசையில் வைத்தே கையெழுத்து வாங்கினாள். பழுதான கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றவர்களெல்லாம், "எங்க போடணும்னு காட்டும்மா" என்றார்கள். அவள் விரல் வைத்துக் காட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

மூன்றாம் பக்கத்தில், 'அதுவரை தற்போதைய கட்டடத்தை மூடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று இருந்தது.

"நீ படிக்கலையா?" என்று கேட்டேன்.

"கட்சி கொடுத்தது. நம்ம வீட்டுல கொடுத்த சாப்பாட்டை மோந்து பாத்தா சாப்பிடுவோம்?"

பஸ்ஸில் அந்த நாற்பத்தொரு நிமிடமும் (அன்று சுற்றுச்சாலையில் முப்பத்தொன்று) இந்த மூன்றாம் பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். அதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். மூடிய அன்றே யாரோ நகலைக் காட்டியிருக்கிறார்கள். தெரிந்தும் இரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை. "இதையும் எழுதணும்" என்று சொன்னவள் அவள்தான். நானாக இருந்தால் பூசி மெழுகியிருப்பேன்.

5

கட்சியின் வட்டாரச் செயலாளரை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். விரல்களில் கனத்த மோதிரங்கள், இனிக்க இனிக்கப் பேச்சு. அக்கா கோடு போட்டுவிட்டாள்.

"அவர் கையில மோதிரமே கிடையாது. என் பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் கிடைக்கலன்னு மூணு நாள் என்கூட அலைஞ்சவர். அவரைக் கெட்டவரா எழுதினா நான் தப்பிச்சுக்குவேன். அது வேண்டாம்."

எனவே: மோதிரம் இல்லாத, களைத்துப்போன ஒரு மனிதர் கடைக்கு வந்தார். மனுவின் நகல்கள் அடங்கிய உறையை மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு ஸ்கூல் ஹால்ல வேட்பாளர் பேசறார். நீங்க இதைக் காட்டி, 'நீங்க கேட்டுத்தான் மூடினோம்'னு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. கையெழுத்து அவங்களோடதுதானே."

"அவங்களோடதுதான்."

"அப்பறம் என்ன தயக்கம்?"

அக்கா உறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹாலில் எழுபது எண்பது பேர் இருந்தோம். வேட்பாளர் பேசியபோது யாரும் கூச்சல் போடவில்லை, கைதட்டவும் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. அதைச் சரிசெய்யாமலே பேசினாள்.

"இந்தக் கையெழுத்தை வாங்கினது நான். டாக்டர் வேணும்னு சொல்லி வாங்கினேன். மூடலாம்னு கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. நான் படிக்கல. படிச்ச பிறகும் உங்ககிட்ட சொல்லல. நீங்க யாரும் மூடச் சொல்லல. தப்பு என்னோடது. நிதானம் அண்ணன் மேல இருக்கற நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க. அந்த பஸ்ஸுல நானும் இருந்தேன்."

வட்டாரச் செயலாளர் தரையைப் பார்த்தார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவளாக அல்ல, தங்கையாகப் பயந்தேன்.

மூன்றாம் வரிசையில் பேக்கரிப் பெண்ணின் மாமியார் எழுந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நானும் போட்டேம்மா. நானும் படிக்கல" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "நானும்தான்." தபால்காரர்: "நான் தினம் ஊருக்கே விலாசம் படிக்கறவன். நானும் படிக்காமத்தான் போட்டேன்." ஹாலில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரும் அக்காவை மன்னிப்பதாகச் சொல்லவில்லை. அவளைத் தனியாக நிற்க விடவில்லை, அவ்வளவுதான்.

நன்றியைக் கதையில் எழுதுவது கஷ்டம். துரோகம் தானாகவே நடக்கும். நன்றியைக் கைபிடித்து நடத்த வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த ஹாலில் எனக்கு ஏற்பட்டதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) கட்சி அக்காவைக் கொண்டாடுகிறது. (பொய். அன்று சாயங்காலமே கட்சியின் கைபேசிக் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். பதினெட்டு வருடத்துக்கு ஒரு வரி: 'நீங்கள் நீக்கப்பட்டுள்ளீர்கள்'.)

ஆ) எதிர்க்கட்சி அவளை அழைக்கிறது, அவளும் போகிறாள். (அழைத்தது உண்மை. "ஒரு சூடு போதும்" என்றாள்.)

இ) மருத்துவமனை திறக்கிறது, கதவில் மாலை, குழந்தைகளின்

இதை முடிக்கவில்லை. பூட்டு இன்னும் தொங்குகிறது.

நடந்தது இது: வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு நிதானத்தின் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. தாளைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினார். "படிச்சுப் பாத்தியாண்ணே?" என்று கேட்டாள். "மூணு தடவை" என்றார்.

7

வாக்குப்பதிவு நாளில் பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அக்கா சாவடிக்குள் முகவராக உட்காரவில்லை. வரிசையில் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேக்கரிப் பெண், "அக்கா, இங்க வாங்க, உங்களுக்கு இடம் வச்சிருக்கேன்" என்று கூப்பிட்டாள். பின்னால் நின்ற யாரும் ஆட்சேபிக்கவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தெரு எப்படி வாக்களித்தது என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். மடித்துக் கொடுத்த கொடிகளை நீங்களும் பார்த்தீர்கள். மொத்தத் தொகுதியின் கணக்கைச் செய்தித்தாள் போட்டுவிட்டது, நான் திரும்ப எழுதவில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று. சாவடியிலிருந்து வெளியே வந்தவளிடம் மெல்லக் கேட்டேன்.

"யாருக்குக்கா போட்ட?"

"உன் கதைக்கு வேணுமா, உனக்கு வேணுமா?"

"கதைக்குத்தான்."

"அப்ப உன் வாசகரையே கேளு. என் இடத்துல அவங்க இருந்தா யாருக்குப் போட்டிருப்பாங்கன்னு."

கேட்டுவிட்டேன். வாக்களிக்கும் திரைக்கு அந்தப் பக்கம் நான் வர முடியாது. இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி. நீங்கள் உள்ளே போங்கள்.