ஆறு வோல்ட்டு ரேடியோ

பூமிநாதன் கடைசி வால்வைச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் கொட்டுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அண்ணன் மொக்கையன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, கூடப்பிறந்த தம்பி பின்கட்டில் உட்கார்ந்து ரேடியோவைக் குடைந்துகொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? மச்சான் அய்யப்பன் மூன்றாவது தடவையாக எட்டிப் பார்த்தார்.

“மாப்ள, நீர்மாலைக்குக் கெளம்பணும். எல்லாரும் ஒன்னயத்தான் தேடுறாக.”

“இந்தா வாரேன் மச்சான்.”

“இத இன்னைக்குத்தான் நோண்டணுமா?”

“இன்னைக்குத்தான் நோண்டணும்.”

அய்யப்பன் நல்ல மனுஷன். வாசலில் இருந்தவர்களைச் சமாளிக்கப் போய்விட்டார்.

மொக்கையன் அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி முதலாளியிடம் இருபது வருஷம் கார் ஓட்டியவர். பெரிய அமெரிக்கக் கார். அது எடைக்குப் போன அன்று முதலாளி அதிலிருந்த ரேடியோவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். கனத்த இரும்புப் பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. முதலில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம், வால்வெல்லாம் சூடேறி அரை நிமிஷம் போனால்தான் குரல் வரும். வீட்டிலும் பழைய மோட்டார் சைக்கிளின் ஆறு வோல்ட்டு பாட்டரியை மாட்டி அதைப் பாட வைத்தார். சம்பாதித்ததில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூஜை. அண்ணன் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பாட்டரியில் சார்ஜ் இல்லை. இருபது வயசுப் பூமிநாதனுக்குப் பாட்டுக் கேட்க ஆசை. பெரிய மெக்கானிக் என்ற நினைப்பில் தெருவில் நின்ற ஒரு டிராக்டரின் பன்னிரண்டு வோல்ட்டு பாட்டரியில் ஒயரைக் கொடுத்தான். உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ஒன்றும் தெரியாதவனாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

அண்ணன் வந்து, பூஜைக்காக ரேடியோவை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்து, திருநீறு பூசிக் குங்குமம் வைத்தார். சாயங்காலம் வேறு பாட்டரி கொண்டுவந்து சுவிட்சைப் போட்டார். பாடவில்லை.

“தண்ணி உள்ள போயிருச்சுடா. என் கையாலயே கெடுத்துட்டேன்” என்றார்.

அப்போதாவது பூமிநாதன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிறகு திருச்சுழியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டு, ஊரிலுள்ள கிணற்று மோட்டாரையெல்லாம் ஓட வைத்தான். இதைத் தொட மட்டும் கை வரவில்லை. அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகுதான் புத்தி வந்து எங்கெங்கோ சொல்லி வைத்து ஒவ்வொரு வால்வாகச் சேர்த்தான். பாட வைத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக உண்மையைச் சொல்லிவிடுவதாக இருந்தான். அண்ணன் நேற்றுச் சாயங்காலம் போய்விட்டார். கடைசி வால்வை இன்று காலையில் பார்சல்காரன் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே கொண்டுவந்து நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

முகம் கழுவப் பின்கட்டுக்கு வந்த மதினி குருவம்மாள் அவன் பக்கத்தில் நின்றாள்.

“பாடுமா தம்பி?”

“பாடும் மதினி.” ஸ்குரூவைத் திருகியவன் கையை நிறுத்தினான். “மதினி, இத எரிச்சது நாந்தேன். பன்னெண்டு வோல்ட்டு குடுத்துட்டேன். அண்ணன் ஈரத்துணி போட்டதுல ஒண்ணுமே ஆகல.”

குருவம்மாள் ரேடியோவின் முன்பக்கக் கண்ணாடியை விரலால் தடவினாள்.

“அதுக்கப்புறம் ஒரு பூசைக்காவது ஒங்கண்ணன் இந்த வீட்டுல ஈரத்துணி எடுக்க விட்டாகளா? சைக்கிளக்கூட காஞ்ச துணியிலதான தொடச்சாக. நான் நனைச்சுட்டு வந்தா கையப் பிடிச்சுக்கிருவாக.”

“தெரியும் மதினி.”

“என்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அவுககிட்டயே போயிச் சொல்லு.”

பூமிநாதனும் ஒரு குடம் சுமந்து, அண்ணனைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தான். பெட்டியிலிருந்து மொக்கையனை எடுத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். குடங்களைக் கால்மாட்டில் இறக்கினார்கள். அவன் உள்ளே போய் ரேடியோவைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தான். எமர்ஜென்சி விளக்குகளிலிருந்து கழற்றிய மூன்று ஆறு வோல்ட்டு பாட்டரிகளை, வோல்ட்டு ஆறுக்கு மேல் ஏறாதபடி இணையாகச் சேர்த்துக் கட்டியிருந்தான். ஏரியலுக்கு ஒரு ஒயரை ஜன்னல் கம்பியில் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். ரீங்காரம் கேட்டது.

“என்ன மாப்ள, வெறும் எரைச்சலா இருக்கு?” என்றார் அய்யப்பன்.

“சூடேறணும் மச்சான். அரை நிமிசம் பொறுங்க.”

அந்த அரை நிமிஷத்தில் அவன் குனிந்து அண்ணனின் காதோடு வாயை வைத்தான்.

“அண்ணே, அது ஒங்க தப்பில்லண்ணே. நாந்தேன்.”

ரீங்காரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மெல்ல மேலே வந்தது. யாரோ ஒரு அம்மாள் பருத்திக்கு மருந்தடிப்பதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

குருவம்மாள் எழுந்து வந்தாள். நீர்மாலைக் குடத்தில் முந்தானையை நனைத்துப் பிழிந்து, ரேடியோவின் கண்ணாடியை ஈரத்தோடு துடைத்தாள். அந்த அம்மாள் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.