அப்பாவுக்குப் புரிகிற மாதிரி

அண்ணன் பேனாவை மூடிவிட்டான்.

"இதுல கையெழுத்துப் போட்டா அப்பாவ நாமளே கொன்ன மாதிரி."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கை தாளை வாங்கினாள். 'இதய நுரையீரல் மீளுயிர்ப்பு நடவடிக்கைகளைத் தவிர்ப்பதற்கான இசைவு' என்று தொடங்கிய வாக்கியம் மூச்சுவிடாமல் பாதிப் பக்கம் ஓடியது. மிக்சிக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் கையேடு எழுதுவதுதான் அவள் வேலை. அவளே இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது.

"பாரு, 'சிகிச்சை விலக்கல்'னு போட்டிருக்கான்," என்றான் அண்ணன்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நுரையீரல் கைவிட்டாயிற்று, இனிக் குழாய் வேண்டாம் என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

டாக்டரை வராந்தாவில் பிடித்தாள்.

"வலி மருந்த நிறுத்திடுவீங்களா?"

"சேச்சே. அது கடைசிவரைக்கும் உண்டு."

"அப்பா மனசு மாறினா?"

"ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"இது தாள்ல எங்க இருக்கு டாக்டர்?"

டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கு... உள்ள எங்கயோ இருக்கு."

அதன் பின்பக்கத்திலேயே எழுதினாள். டாக்டர் படித்து, ஒரு சொல்லைத் திருத்தி, கீழே கையெழுத்திட்டார். கட்டிலருகே வந்து சத்தமாக வாசித்தாள்.

"உங்கள் மூச்சு நின்றால் மார்பை அழுத்த மாட்டோம். தொண்டையில் குழாய் இறக்க மாட்டோம். வலிக்கும் திணறலுக்கும் மருந்து தொடரும். வீட்டார் கூடவே இருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் இதை மாற்றலாம்."

அப்பா கண்ணைத் திறந்தார். "இதத்தானே நான் கேட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ எழுதின மிக்சி புஸ்தகத்த உங்கம்மா பிரிச்சுகூடப் பாக்கல. இது பரவால்ல."

அண்ணன் பக்கென்று சிரித்துவிட்டான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"மருந்து நிக்காதில்ல?"

"நிக்காதுண்ணா."

பேனாவைத் திறந்து அவனே அப்பாவின் விரல்களுக்கிடையில் வைத்தான்.

மறுநாள் மதியம் மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். யாரும் ஓடவில்லை. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. அண்ணனின் கை அப்பாவின் கையைப் பிடித்தபடியே இருந்தது.

வண்டி வருவதற்குள் அண்ணன் நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். இத்தனை நாளில் அவன் தூங்கி அவள் பார்க்கவில்லை. ஜன்னல் வெயில் அவன் முகத்தில் விழுந்தது. எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டாள்.