சீருடை போட்ட இரண்டு பேர்

இணையக் குற்றப் பிரிவில் அந்தப் பெண் ஆய்வாளரை எல்லோரும் 'விழிப்புணர்வு' என்றுதான் கூப்பிடுவார்கள். "போலீஸ் என்று சொல்லி யார் போனில் மிரட்டினாலும் நம்பாதீர்கள்" என்று வானொலியில் அன்றாடம் வரும் அரசு அறிவிப்பு அவள் குரல்தான். பள்ளிக்கூடம், சந்தை, பேருந்து நிலையம் என்று போய் அதையே பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. கேட்டுத் தலையாட்டியவர்களே மறு வாரம் புகாரோடு வந்து நின்றார்கள்.

அன்று மதியம் வங்கி மேலாளர் கூப்பிட்டார். "மேடம், ரிட்டயரான மாட்டு டாக்டரம்மா ஒருத்தங்க போன் பண்ணி, மொத்த சேமிப்பையும் யாருக்கோ மாத்தச் சொல்றாங்க. குரல் நடுங்குது. பின்னாடி ஒரு ஆம்பள அதட்டுறான். நான் நிறுத்தி வச்சிருக்கேன்."

ஆய்வாளர் உடனே அந்த வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, போலீஸ் பேசுறேன்..."

"போலீஸ்னு யார் சொன்னாலும் நம்பாதீங்கன்னு ரேடியோவுல சொல்றாங்க. வைம்மா போனை!"

அதைச் சொன்னதே நான்தான் என்று அவள் சொல்வதற்குள் டாக்டரம்மாவே போனை வைத்துவிட்டார். ஜீப்பை எடுத்தாள்.

கூடத்து ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. கணினிக்கு முன்னால் டாக்டரம்மா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். திரையில் ஓர் அதிகாரி. மேசை, கொடி, மடிப்புக் கலையாத சீருடை. ஆய்வாளரின் சட்டையோ வேர்வையில் ஊறி, ஒரு பொத்தான் அறுந்து கிடந்தது. கண்ணாடியைத் தட்டி அடையாள அட்டையைக் காட்டினாள்.

"திறக்காதீங்க!" என்று திரை அதட்டியது. "அது குற்றவாளியோட ஆளு. திறந்தா உங்களையும் சேர்த்து உள்ள வைப்பேன்."

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அசையவில்லை. கதவை உடைத்தால் பயத்திலேயே மயங்கி விழுந்துவிடுவார்.

அந்தத் தெருவில் செல்போன் சிக்னல் எடுக்காது. அதனால்தான் அரசு புதிதாக வீட்டுக்கு வீடு இணையக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தது. முனைக் கம்பத்தில் லைன்மேன் ஏறியிருந்தார்.

"அண்ணே, அந்த வீட்டு லைனைக் கொஞ்சம் கழட்டி விடுங்க."

"வெளையாடுறீங்களா மேடம்? இணைப்பு குடு, இணைப்பு குடுன்னு மேலிடத்துல உயிரை எடுக்கிறாங்க. கழட்டினா எனக்கு மெமோ."

"எனக்கு அனுப்பச் சொல்லுங்க. என்கிட்ட ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கு."

திரை உறைந்து, அணைந்தது. டாக்டரம்மா தானே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"லைன் போயிடுச்சு! நான் கட் பண்ணலைன்னு அவர்கிட்ட நீயாவது சொல்லும்மா..."

சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்ததும் வாசல்படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"முரட்டுக் காளையையே ஒரு அதட்டுல நிறுத்தினவ நான். காலையிலேருந்து பாத்ரூம் போகக்கூட அவன்கிட்ட கேட்டுட்டுப் போனேம்மா."

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கே ஒருத்தன் பெரிய அதிகாரின்னு போன் பண்ணினான்மா. ஒரு நிமிஷம் நானும் எந்திரிச்சு சல்யூட் அடிச்சுட்டேன்."

"நீயா?" டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "புகாரை எழுதிக்கோ. என் பேரைப் போட்டே எழுது. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

முகம் கழுவி, தண்ணீர்ச் செம்போடு அவர் திரும்பியபோது, ஆய்வாளர் தொப்பியை மடியில் வைத்தபடி வாசல்படியிலேயே கண்ணயர்ந்திருந்தாள்.

லைன்மேன் எட்டிப் பார்த்தார். "மேடம், லைனைக் குடுத்துடவா?"

"சத்தம் போடாதப்பா," என்றார் டாக்டரம்மா. "அப்புறமா வந்து குடு. புள்ள அசந்து தூங்குது."