கதவில் தாரால் எழுதிய 3

நாட்டிலேயே முதன்முறையாகத் தலை எண்ண வருகிறார்கள் என்றதும், பட்டாளத்துக்குப் பிள்ளை பிடிக்கத்தான் என்று தெருவே கிலி பிடித்துக் கிடந்தது. தையல்காரர் மகனைப் பரணில் ஏற்றித் துணிமூட்டையால் மறைத்தார்.

"வீட்டுல எத்தனை பேருங்க?" என்றார் கணக்கெடுக்க வந்தவர்.

"நான், சம்சாரம், பொண்ணு. மூணே பேருதான் சார்."

அவர் கதவில் தாரால் 3 என்று பெரிதாக எழுதினார். தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கத்தானே சார்?"

"அட, யாரு சொன்னா? பள்ளிக்கூடம் கட்டத்தான். நாளைக்குச் சிப்பாய்ங்க சரிபார்க்க வருவாங்க. எண்ணிக்கைக்கு மேல ஆளு இருந்தா, வேவு பார்க்க வந்தவன்னு இழுத்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கென்ன பயம்?"

அவர் தெருமுனை திரும்பியதும் தையல்காரர் தாரைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க 3 தடித்ததே தவிர, அழியவில்லை.