தாலியில் இரண்டு குண்டு

நகைக்கடை முதலாளி இசக்கிமுத்து அண்ணாச்சி நீட்டிய தாளில் எல்லாம் எழுதி முடிந்திருந்தது. அன்புச்செல்வியின் கையெழுத்து மட்டுமே பாக்கி. கடையிலிருந்து இரண்டு பொன் குண்டுகளைத் திருடியதை ஒப்புக்கொள்கிறேன், போலீசுக்குச் சொல்லாமல் விட்டதற்காகப் பினாங்கில் முதலாளியின் தங்கை வீட்டில் இரண்டு வருடம் வேலை செய்கிறேன் என்றது அது. வெளிநாட்டு நகைக் கண்காட்சிக்கென்று வாங்கிவைத்த அவளுடைய பாஸ்போர்ட்டும் அவருடைய இழுப்பறையில்தான் கிடந்தது.

தி. நகர் கடையில் ஒன்பது வருடமாக அவள் விற்பனைப் பெண். உடம்பில் கிடக்கும் பொட்டுப் பொன்னையும் காலையில் வாசல் நோட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இன்று ஆடிப் பதினெட்டு. விடியலில் தாலிக்கயிறு மாற்றியபோது, பழைய கம்மலை உருக்கிச் செய்த இரண்டு குண்டுகளைக் கூடுதலாகக் கோத்துக்கொண்டாள். வாசலிலோ பழக்கத்தில் நேற்று எழுதியதையே எழுதிவிட்டாள். மதியச் சோதனையில், குண்டுத் தட்டைக் கவனிக்கும் சரண்யா அவள் தாலிக் குண்டுகளை எண்ணிப் பார்த்தாள்; நோட்டில் எழுதியதைவிட இரண்டு கூடுதல். அந்தத் தட்டில் சரியாக இரண்டு குறைந்தது.

"எம் பொண்ணு பிளஸ் டூ அண்ணாச்சி. நான் போய்ட்டா யார் பாத்துப்பா?"

"திருடுறப்ப அந்த நெனப்பு எங்க போச்சு?" என்றான் மேலாளர் கதிரேசன்.

"இன்னா சார், நீ பாத்தியா நான் எடுத்ததை?" அவனிடமிருந்து திரும்பினாள். "உங்க பொன்னு சுத்தம் தொண்ணூத்தியொண்ணு புள்ளி ஆறு அண்ணாச்சி. என்னுது தட்டாரு உருக்குனது, அவ்ளோ வராது. மிஷின்ல வெச்சுப் பாருங்க."

"கழட்டணுமே தாயி!" அண்ணாச்சியின் குரல் முதன்முறையாக இடறியது. "ஆடிப் பெருக்கும் அதுவுமா எங்கடையில ஒரு சுமங்கலி தாலியக் கழட்டுறதா? வேண்டாம். கையெழுத்தப் போட்டுட்டுப் பினாங்குக்குக் கெளம்பு."

கடல் தாண்டி அனுப்பத் தயங்காதவருக்கு இதற்கு நடுங்குகிறது! அவளுக்கும் நடுங்கத்தான் செய்தது. வீட்டுக்காரர் ஆனந்தகுமார் இந்நேரம் அடையாறு சிக்னலில் ஆட்டோவோடு நிற்பார். நாளை அவருக்கு ஒரு காய்ச்சல் கண்டாலும் இந்த நிமிஷம்தான் காரணமென்று அவள் மனமே சொல்லும். கண்களை மூடிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.

அந்த இரண்டு குண்டுகளையும் வைத்ததும் இயந்திரம் முனகியது. எழுபத்தெட்டு.

அண்ணாச்சி தாளைக் கிழிப்பாரென்று காத்திருந்தாள். அவர் பேனாவால் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மெல்ல நிமிர்ந்து கதவோரம் நின்ற சரண்யாவைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

அன்புச்செல்வி தாலியை இடக்கையில் இறுக்கிக்கொண்டு, வலக்கையால் அந்தத் தாளை உருவிக் கசக்கினாள்.

"அவளையும் சோதிச்சுப் பாக்காம தாள நீட்டாதீங்க அண்ணாச்சி. எம் பாஸ்போர்ட்டை எடுங்க."