அவள் பெயரில் போன கடிதம்

மூன்று மணிக்கு வர வேண்டிய நோயாளி தாமதமான பத்து நிமிடத்தில்தான் பெரியவள் அந்தப் பதிலைப் படித்தாள்.

வீட்டின் இரண்டு பெண்களில் மூத்தவளான அவளுக்குச் செவிப் பரிசோதனை மையத்தில் உதவியாளர் வேலை. விடுதியில் அறை எப்போது ஒதுக்குவீர்கள் என்று தான் சேரவிருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நாள் முன்பு தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேட்டிருந்தாள். வந்த பதில் நான்கே வரி. எங்கள் இடம் வேண்டாம் என்று மூன்றாம் தேதி தெரிவித்தீர்கள். உங்கள் முடிவை மதிக்கிறோம். அந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்துவிட்டது என்று நினைத்தாள். மறுபடி படித்தாள். மேலே இருந்தது அவள் பெயர்தான். விண்ணப்ப எண்ணும் அவளுடையதுதான்.

அதற்குள் நோயாளி வந்துவிட்டாள். நான்கு வயதுக் குழந்தை. "இன்னும் அம்மான்னு கூட கூப்பிடலீங்க. பிடிவாதக்காரின்னு நெனச்சு விட்டுட்டோம்" என்றாள் தாய். வாரத்துக்கு ஒரு தாயாவது இதே வார்த்தைகளைச் சொல்வாள். பெரியவள் குழந்தையை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, காதுகளில் கருவியை மாட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி ஒவ்வொரு ஒலியாக அனுப்பினாள். குழந்தை கையிலிருந்த பொத்தானை அழுத்தவே இல்லை. பொத்தானின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வரைபடத்தைப் பிழையில்லாமல் போட்டு முடித்து டாக்டரம்மாவின் மேசையில் வைத்தாள். "மேடம், நான் இப்பவே வெளிய போகணும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த டாக்டரம்மா, "போயிட்டு வா" என்றார்.

அந்த நாட்டை அவள் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. எட்டு மாதம் அதற்காக உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாடாகப் பார்த்துப் பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் படிப்பு நன்றாக இருந்தது, ஆனால் நோயாளியைத் தொடவே விடமாட்டார்கள், எல்லாம் புத்தகம்தான். இன்னொன்றில் முதல் இரண்டு வருடம் மொழி கற்பதிலேயே போய்விடும். மூன்றாவதில் சுலபமாக இடம் கிடைக்கும், ஆனால் அங்கே வாங்கிய பட்டத்தை வேறெங்கும் ஏற்க மாட்டார்கள். கடைசியில் நின்றது இது ஒன்றுதான். பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லித்தரும் துறை. முதல் மாதத்திலிருந்தே மருத்துவமனையில் பயிற்சி. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், அதில் ஒரு இடம் உதவித்தொகையோடு அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். அப்பா மட்டும், "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விண்ணப்பத்தை ஏஜென்சி வழியாக அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். "நமக்கு என்ன தெரியும், தெரிஞ்சவங்க கையில விட்டுடலாம்." அவர்களும் அவள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, கடவுச்சொல்லைத் தாங்களே வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்மா" என்றார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம் இப்போது தெரிந்தது.

ஏஜென்சி கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பல நாட்டுக் கொடிகள். மேசைக்கு மேசை பிளாஸ்டிக் விமானம். ஆலோசகர் டையைச் சரி செய்துகொண்டு எழுந்து கை நீட்டினார்.

"வாங்கம்மா, வாழ்த்துகள்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். புது அட்மிஷன் நேத்துதான் வந்துச்சு."

"என்ன புது அட்மிஷன்?"

"உங்க அத்தை இருக்கற நாடும்மா. மருத்துவமனை நிர்வாகப் படிப்பு. ஒரே வருஷம். ஜம்முன்னு முடிச்சுடலாம்."

"யாரைக் கேட்டு இதுக்குப் போட்டீங்க? யாரைக் கேட்டு அதை வேண்டாம்னு எழுதினீங்க?"

ஆலோசகரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா வந்திருந்தாரேம்மா. குடும்பமா உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிட்டோம்னு சொன்னாரு."

"குடும்பத்துல நான் கிடையாதா?"

"கோபப்படாதீங்க. அந்த நாட்டுக்கு நாங்க இதுவரைக்கும் ஒருத்தரைக் கூட அனுப்பினதில்ல. இந்தக் காலேஜ் நம்ம காலேஜ் மாதிரி, ஒப்பந்தமே இருக்கு. எந்த நாடுங்கறது முக்கியமில்லம்மா, போறதுதான் முக்கியம்."

அந்தப் பிளாஸ்டிக் விமானத்தை எடுத்து அவர் தலையில் போட்டால் என்ன என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "நான் எழுதினதா சொல்ற கடிதத்தைக் காட்டுங்க" என்றாள். தயங்கித் தயங்கி ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். குடும்பச் சூழ்நிலை காரணமாக, ஆழ்ந்த வருத்தத்துடன், நன்கு யோசித்த பிறகு. கீழே அவள் பெயர். அவள் வாழ்நாளில் யாருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் எதையும் எழுதியதில்லை.

"இதை அனுப்பணும்னா, நான்தானான்னு சரிபார்க்க என் போனுக்கு ஒரு எண் வருமே. அது எப்படிக் கிடைச்சுது?"

"அப்பாதான் போன்ல சொன்னாரு" என்றார் ஆலோசகர்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றாமலே நுழைந்தாள். அப்பா கைலியும் பனியனுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வேலைக்கு எடுத்துப்போகும் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக உயரமான கட்டடங்களில் கயிறும் சக்கரமும் பார்ப்பவர். தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இது யார் எழுதினது?"

அவர் படிக்கவே இல்லை. தெரிந்த தாளைப் படிக்க வேண்டியதில்லையே. "உன் நல்லதுக்குத்தான்" என்றார்.

"என் நல்லது என்னன்னு எட்டு மாசம் உங்க பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொன்னா நீ கேட்பியா?"

"கேட்க மாட்டேன். அதனால? என் பேரை எடுத்துக்குவீங்களா? லிஃப்ட்டுக்குள்ள ஆள் இருக்கும்போது சொல்லாம கொள்ளாம கரண்ட்டை நிறுத்துவீங்களாப்பா?"

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "வாயை அடக்கிப் பேசு! அங்க உனக்கு ஒரு காய்ச்சல்னா ஒரு வாய் தண்ணி கொடுக்க யார் இருக்கா? ஆள் முகம் தெரியாத இடம். இப்ப போட்டிருக்கற நாட்டுல உன் அத்தை இருக்கா. பன்னெண்டு வருஷமா இருக்கா. அவளே சொன்னா, பொண்ணை எங்கிட்ட அனுப்புங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்னு."

"எண்ணை எப்ப எடுத்தீங்க?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா சொன்னாள். "நீ குளிச்சுட்டு இருந்தேடீ. போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும், என்ன எண்ணுன்னு பார்த்துச் சொல்லுன்னாரு. சொன்னேன்."

"எதுக்குன்னு கேட்டியாம்மா?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "தெரியும்" என்றாள்.

அப்பா செய்தது அவளைக் கொளுத்தியது என்றால், இந்த ஒரு வார்த்தை அதைவிடக் கீழே எங்கோ போய்ச் சுட்டது. எட்டு மாதமும், லேப்டாப் பக்கத்தில் டீயைக் கொண்டுவந்து வைத்த கை அது. பெரியவள் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தாள்.

"அத்தை, என்னை அங்க அனுப்பச் சொல்லி அப்பாகிட்ட சொன்னீங்களா?"

மறுமுனையில் ஏதோ இயந்திரங்கள் ஓடும் இரைச்சல். அத்தை அங்கிருந்து நகர்ந்து வந்து பேசினாள். "நானா? எந்த வாயால சொன்னேன்? அண்ணன் பக்கத்துல இருக்காரா? அண்ணா, போன வாரம் உங்ககிட்ட என்ன சொன்னேன்? இங்க அனுப்பாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! அந்தக் காலேஜ்ல படிச்ச புள்ளைங்க மூணு பேர் எங்கூடத்தான் இந்தக் கிடங்குல பெட்டி ஒட்டுதுங்க. ஒண்ணு தினம் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருது. அத்தை இருக்கா, அத்தை இருக்கான்னா, அத்தை எங்க இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அப்பா கையை நீட்டி போனை அணைத்தார். சின்னவள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலோ என்னவோ, அவர் ஸ்பேனர்களைப் பைக்குள் வேகவேகமாக அள்ளிப் போட்டார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு. போதுமா?" என்றார், யாரையும் பார்க்காமல். "வேலை செய்யற இடத்துல கேட்கறாங்க, பொண்ணு எங்க போகுதுன்னு. அந்த ஊர் பேரு என் வாய்ல நுழையல. வரைபடத்துல பார்த்தேன், எவ்வளவு தூரம்னு கூட புரியல. நீ ஏதோ சொல்லிட்டே இருந்தே, காது, சிசு, பயிற்சின்னு. எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியலன்னு சொல்லியிருந்தா புரிய வெச்சிருப்பேனே."

"அப்பன்டி நான்."

"அதனாலதான் இவ்வளவு கோபம் வருது. வேற எவனாவது பண்ணியிருந்தா போலீஸுக்குப் போயிருப்பேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என்கூட ஏஜென்சிக்கு வரீங்க. எனக்குத் தெரியாம நடந்ததுன்னு நீங்களும் அந்த ஏஜென்சிக்காரரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரீங்க. வரலன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

அவர் வந்தார்.

ஏஜென்சியில் கூட்டம். சோபாக்களில் பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர். ஆலோசகர் இவர்களைக் கண்டதும் உள்ளறைக்கு அழைத்தார். பெரியவள் நகரவில்லை.

"இங்கயே பேசலாம். எனக்குத் தெரியாம என் இடத்தை விட்டுக் கொடுத்தீங்கன்னு எழுதிக் கொடுங்க."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா. கம்பெனி பேரு கெட்டுடும். மெதுவாப் பேசுங்க, ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்" என்றவள், சோபாக்களின் பக்கம் திரும்பினாள். சத்தம் நன்றாகவே வந்தது. "நான் சேரவேண்டிய இடத்தை, நான் எழுதின மாதிரி கடிதம் எழுதி, இவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இங்க யாருக்காவது உங்க பேர்ல இருக்கற மின்னஞ்சலோட கடவுச்சொல் தெரியுமா? தெரிஞ்சா கையைத் தூக்குங்க."

ஒரு கை கூட உயரவில்லை. மூலையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், "எங்கிட்ட அது தேவையில்லன்னு சொன்னாங்களே" என்றாள். அவளுடைய அப்பா, தடித்த மனிதர், எழுந்து நின்றார். "என் பொண்ணோட ஃபைலைக் கொண்டா இப்ப." "எங்களுக்கும் காட்டுங்க" என்றது இன்னொரு குரல். "நாங்க கேட்டது ஒரு நாடு, வந்தது வேற நாடு. கேட்டா அங்க சீட் இல்லன்னாங்க" என்று ஒரு அம்மாள் ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் மேசையைச் சுற்றி ஆட்கள். ஆலோசகரின் டை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

உள்ளறையிலிருந்து மேலாளர் ஓடி வந்தார். கடிதம் ஐந்தே நிமிடத்தில் தயாரானது, முத்திரையோடு. அப்பா அதன் கீழே கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை தாளில் மாட்டியது. என் மகளின் அனுமதியின்றி நான் இதைச் செய்யச் சொன்னேன் என்ற வரியை மேலாளர் சேர்த்திருந்தார். பழியைப் பங்குபோடும் அவசரம் அவருக்கு. அப்பா அதைப் படித்தார், நிமிர்ந்து மகளைப் பார்த்தார், பிறகு போட்டார். அவளுக்கு அப்போது கொஞ்சம் கூட இரக்கம் வரவில்லை. வராததைப் பற்றி வெட்கமும் வரவில்லை.

அந்தக் கடிதத்தை அன்றே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. இந்த வருடத்து இடம் போனது போனதுதான், இன்னொருவர் சேர்ந்துவிட்டார். ஆனால் நடந்ததைக் கருதி, அடுத்த வருடம் அவள் புதிதாக விண்ணப்பிக்காமலே சேரலாம். உதவித்தொகையும் அப்படியே தொடரும். இனி அவளுடைய சொந்த முகவரிக்கு மட்டுமே எழுதுவார்கள்.

ஒரு வருடம். அதைப் படித்துவிட்டு மையத்தின் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு சுவரை இரண்டு முறை ஓங்கிக் குத்தினாள். விரல் வீங்கியதைப் பார்த்த டாக்டரம்மா பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "ஒரு வருஷம் இங்கயே இரு. பச்சைக் குழந்தைங்களோட கேஸ் வந்தா உன்னையும் கூட வெச்சுக்கறேன்" என்றார்.

அந்த ஒரு வருடமும் வீட்டில் அவள் தேவைக்கு மட்டுமே பேசினாள். அம்மா ஒருநாள் அவள் தலையணை மேல் கை வைத்து, "தப்புதான்டீ" என்றாள். "ம்" என்றாள் பெரியவள். அதற்கு மேல் அவளால் வரமுடியவில்லை.

விசா நேர்காணலுக்கு யாரிடமும் சொல்லாமல் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த அதிகாரி, எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். எத்தனையோ நாடு இருக்க, ஏன் எங்கள் நாடு? அவள் பேச ஆரம்பித்தாள். முதல் நாட்டை ஏன் அடித்தாள், இரண்டாவதை ஏன், மூன்றாவதை ஏன். காது கேட்கவில்லை என்று நான்கு வயதில்தான் கண்டுபிடிக்கப்படும் குழந்தைகளைப் பற்றி. அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். அவள் நிறுத்தவில்லை. பிறகு அவரே பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

விசா வந்த அன்று, இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

அப்பா பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனே" என்றார்.

"இப்ப சொல்லிட்டேன்."

"இன்னும் கோபம் போகலையா?"

சின்னவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெரியவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லி அவரைத் தேற்றலாம். அந்த மனிதர் இந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் வற்றித்தான் போயிருந்தார்.

"போகலப்பா" என்றாள். "போனதும் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். சோற்றை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, மகளைப் பார்க்காமல், "எத்தனாம் தேதி கிளம்பணும்?" என்று கேட்டார். தேதியைச் சொன்னாள்.